பச்சைமேல் சிவப்பு

இணையத்தில் தமிழர்கள் கூடிப் பேசும் மன்றங்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. நாம் ஒரு பதிவு போட்டால் அதன் அடியில் நமது கையொப்பம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பேனாவால் போடும் கையெழுத்து அல்ல, நாலு விரல் நீளத்தில் ஒரு பட்டைப் படம். அதில் நம் புனைபெயர் இருக்கும், பூ இருக்கும், பொன்மொழி இருக்கும். மிளகு ரசம் வைப்பது எப்படி என்று எழுதினாலும் கீழே அந்தப் படம் வரும். ‘சரி’ என்று ஒரு சொல் எழுதினாலும் வரும். முகம் தெரியாத அந்தக் கூட்டத்தில் நம் முகம் அதுதான். என்னுடைய முதல் முகம் எப்படி இருந்தது என்று நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

கல்யாணமான கையோடு ஓசூருக்கு வந்தவள் நான். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் வெயிலைக் குடித்து வளர்ந்தவளுக்கு, ஆனி மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. பாகலூர் ரோட்டில் வரிசை வீடு. இந்தப் பக்கத்து வீட்டில் தெலுங்கு, அந்தப் பக்கத்து வீட்டில் கன்னடம். இரண்டு வீட்டாரும் என்னிடம் தமிழ் பேசுவார்கள், நல்லவர்கள்தான். ஆனால் குழாயடியில் பேச்சு சுவாரசியமாகும் நேரம் பார்த்து மொழி மாறிவிடும். அவர்கள் மூன்று மொழியில் வாயாடினார்கள். நான் ஒரே மொழியில் வாயாடுகிறவள், அதற்கும் ஆள் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பது என் சுபாவத்துக்கு ஒத்துவராது. பேசாத பேச்செல்லாம் கோபமாக உருமாறி வீட்டுக்காரர் தலையில் இறங்கும்.

அவர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தார். இயந்திரத்திலிருந்து வரும் பாகங்களை அளந்து பார்ப்பது வேலை. சரியாக இருந்தால் அந்தத் தட்டில் பச்சை அட்டை கட்டுவார்கள், தேறவில்லை என்றால் சிவப்பு அட்டை. இந்தப் பேட்டையில் எந்தக் கம்பெனிக்குள் போனாலும் இதே வழக்கம்தான் என்பார். அந்த அட்டைகள் நாலைந்து எப்போதும் அவர் சட்டைப் பையில் கிடக்கும். ஒருநாள் நான் பார்க்காமல் ஊறப்போட்டுவிட, வெள்ளைச் சீருடை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகச் சாயம் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு பையைத் துழாவாமல் நான் ஒரு சட்டையையும் தண்ணீரில் போட்டதில்லை.

கணக்கில் பட்டம் வாங்கியவள், கணினியில் தமிழ் தட்டச்சு கற்றவள், நாலு சுவருக்குள் ஷிப்டு முடிந்து வருகிறவருக்காகக் காத்திருந்தேன். ஒரு சாயங்காலம் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுச் சொன்னேன். “ஆடி முடியட்டும். எனக்குன்னு ஒரு வேல அமையலன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன். லீவு கெடைக்கும்போது வந்து பாத்துக்கிடுங்க.”

வெறும் மிரட்டல் இல்லை. மனதுக்குள் பெட்டி கட்டியாகிவிட்டது. அவருக்கும் அது தெரிந்தது. சண்டைக்கு வராமல், “சரி புள்ள, பாப்போம்” என்றார். அந்தச் ‘சரி’தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. ஆனால் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில், தமிழ் டிசைன் தெரிந்த ஆள் தேவை என்று எழுதி ஒட்டியிருந்ததை வந்து சொன்னவரும் அவர்தான்.

இதற்கு முன்பே நான் அடுத்த தெருவின் பிரவுசிங் சென்டருக்குப் போகத் தொடங்கியிருந்தேன். காலையில் அங்கே கூட்டம் இருக்காது. மூலையில் இருந்த கணினியில் படம் திருத்தும் மென்பொருள் ஒன்று இருந்தது. மன்றத்தில் எல்லோருக்கும் கையொப்பம் இருக்கிறதே, நமக்கு இல்லாவிட்டால் மூளியாக இருக்கிறதே என்று நானே ஒன்று செய்தேன்.

அதை விளங்கிக்கொள்ள எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டப வாசலை நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே வைக்கிற பேனரில் ஒருவர் படம் விட்டுப்போனாலும் அவர் பந்தியில் உட்காரமாட்டார். சித்தப்பா படம் பெரியப்பா படத்தைவிடச் சின்னதாக இருந்தால் தாலி கட்டும்வரை முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். இந்தப் பயத்திலேயே வளர்ந்தவள் நான். கையொப்பத்திலும் யாரையும் விடவில்லை. பிறந்த ஊருக்காக ஒரு பனைமரம், வந்த ஊருக்காக ஒரு கொத்து ரோஜா, சாமிக்காக ஒரு கோபுரம், லட்சணத்துக்காக ஒரு குத்துவிளக்கு, அவர் பெயரின் முதலெழுத்தும் என்னுடையதும் நடுவில் ஓர் இதயமும், அதற்குக் கீழே உழைப்பே உயர்வு என்று ஒரு வரி, இத்தனைக்கும் மேலே சரிகைத் தூள் கொட்டுகிற மாதிரி மினுமினுப்பு. பின்னணியில் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே இருக்கும் புல்வெளி, பச்சைப்பசேல் என்று. அந்தப் பச்சைமேல் ரத்தச் சிவப்பில் என் புனைபெயர். சுற்றிலும் ஒரு பூவேலைக் கரை.

மன்றத்தில் போட்டதும் பாராட்டு குவிந்தது. அங்கே அது ஒரு வழக்கம். யாரும் யாரையும் குறை சொல்லமாட்டார்கள். ‘கலக்கிட்டீங்க தோழி’ என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர், ‘கண்கொள்ளாக் காட்சி’ என்று துபாயிலிருந்து ஒருவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் படத்தைப் பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு நேரே பத்திரிகைக் கடைக்குப் போனேன்.

கடையை நடத்தியவர் ஓர் அம்மாள், எல்லோருக்கும் அவர் அக்கா. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். போனில் தெலுங்கில் அதட்டிக்கொண்டே, வந்த வாடிக்கையாளரிடம் கன்னடத்தில் குசலம் விசாரித்துக்கொண்டே, என்னைத் தமிழில் உட்காரச் சொன்னார். ஒரு பக்கம் அடித்துக் காட்டச் சொன்னார், அடித்தேன்.

“டைப்பு பரவால்லம்மா. ஆனா டைப்பு அடிக்க இங்க ஒரு பொண்ணு இருக்குது. டிசைன் பண்றவங்கதான் வேணும். என்னா பண்ணியிருக்கற, காட்டு.”

பிளாப்பியைக் கொடுத்தேன். திரையில் படம் விரிந்தது. அக்கா தலையை ஆட்டினார். “சோக்கா இருக்குது” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நிமிடம் அதை அச்சு எந்திரத்துக்கு அனுப்பினார். கறுப்பு மை மட்டும் உள்ள எந்திரம். தாள் வெளியே வந்தது. அதில் அடுப்புக்கரி பூசின மாதிரி ஒரு பட்டை. அங்கங்கே வெள்ளைப் புள்ளி. பனைமரம் இருந்த இடம் தெரியவில்லை, கோபுரம் இருந்த இடம் தெரியவில்லை.

“ஏம்மா, இதுல உன் பேரு எங்க இருக்குது?”

நான் விரலை வைத்துக் காட்டினேன். காட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

“திரையில எல்லாமே சோக்காத்தான் இருக்கும். இங்க வர்ற வேலையில முக்காவாசி ஒரே கலருதான். கடை திறக்கறது, கருமாதி, கோயில் நோட்டீசு, எல்லாம் கறுப்பு. அதுல பேரு தெரியலன்னா வூடு தேடி வந்து திட்டுவாங்க.” கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டதைக் கவனித்திருக்க வேண்டும். “வேற ஒண்ணு பண்ணி எடுத்துக்கினு வா. ஆடி முடிஞ்சா முகூர்த்தம் ஆரம்பிச்சிரும். அதுக்குள்ள வந்தா பாக்கறேன். இல்லாட்டி வேற ஆளு வெச்சிக்குவேன்.”

அக்காவும் ஆடி என்றார், நானும் வீட்டில் ஆடி என்று சொல்லியிருந்தேன். பஸ் ஏற மனமில்லாமல் அந்தத் தாளைக் கசக்கிப் பிடித்தபடி வீடுவரைக்கும் நடந்தேன். வழியெல்லாம் அந்தக் கடை, அந்த எந்திரம், இந்த ஊர், இந்த ஊரின் குளிர், பெண் கேட்டு வந்த தரகர் எல்லோருக்கும் அர்ச்சனை நடந்தது.

அவர் தாளை வாங்கி நீவிப் பார்த்தார். சிரிக்கப்போகிறார், சிரித்தால் இன்றைக்கே பஸ் ஏறிவிட வேண்டியதுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிக்கவில்லை.

“ரிஜெக்ட்டுன்னு சொல்லலியே. ரீவொர்க்குன்னுதான சொல்லிருக்காங்க” என்றார்.

கம்பெனியில் இரண்டும் வேறு வேறு. ஒன்று குப்பைக்குப் போவது, மற்றொன்று திருத்தி மறுபடியும் வருவது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் காலை மறுபடியும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

மன்றத்தில் கையொப்பப் பட்டறை என்று ஒரு பகுதி உண்டு. செய்த படத்தைப் போட்டு ஆலோசனை கேட்கலாம். ‘குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள் நண்பர்களே’ என்று எழுதிப் போட்டேன். அப்படி எழுதுகிற எவரும் குறையைக் கேட்கத் தயாராக இருப்பதில்லை. நானும்தான். வழக்கம்போலக் கலக்கிட்டீங்க, அசத்துறீங்க. நடுவில் ஒருவர் மட்டும் இப்படி எழுதியிருந்தார்: ‘படத்தில் எழுத்து எங்கே இருக்கிறது? தேடிப் பார்த்தேன். நடுவில் ஏதோ நிழல்போலத் தெரிகிறது. அதுதானா?’

யார் இந்த மகானுபாவர் என்று அவருடைய கையொப்பத்தைப் பார்த்தேன். வெறும் சாம்பல் நிறப் பட்டை. அதில் வெள்ளையாக ஒரு பெயர். பூ இல்லை, பொட்டு இல்லை. இவர் வந்து எனக்குச் சொல்கிறாரா என்று விரல்கள் பரபரத்தன. உலகத்தில் மற்ற எல்லோருக்கும் தெரிகிறது, உங்களுக்கு மட்டும் தெரியவில்லை என்றால் கண்ணாடிக் கடைக்குப் போங்கள் என்று காரசாரமாக ஒரு பத்தி தட்டினேன். அனுப்பும் பொத்தானை அழுத்தப் போகும்போது கரண்ட் போனது. எழுதியது எல்லாம் போயிற்று. அந்தக் கரண்டுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் போனபோது அவரே கீழே இன்னொன்று எழுதியிருந்தார். ‘குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது முறையல்ல. ஒன்று செய்து பாருங்கள். படத்தின் வண்ணத்தை எல்லாம் நீக்கிக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். அப்போதும் பெயர் தெரிந்தால் நான் சொன்னது தவறு, மன்னித்துவிடுங்கள். தெரியாவிட்டால், வண்ணத்தை நம்பி எழுத்தை வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.’

மென்பொருளில் அதற்கு ஒரு கட்டளை உண்டு. அழுத்தினேன். பச்சை சாம்பலானது, சிவப்பும் அதே சாம்பலானது. இரண்டும் ஒன்றோடு ஒன்று கரைந்து, கடையில் அக்கா கையில் கொடுத்த கரிப்பட்டை அப்படியே திரையில் நின்றது. பத்திரிகைக் கடை அக்கா எந்திரத்தை வைத்துச் சொன்னதும், எங்கேயோ இருக்கும் இவர் எந்திரம் இல்லாமல் சொன்னதும் ஒன்றுதான். முதல்தடவையாக என் கோபம் போக்கிடம் தெரியாமல் முழித்தது. ‘நீங்கள் சொன்னது சரி’ என்று எழுத எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகு அவர் என் படத்தை விடவில்லை. தானே திருத்திக் கொடுத்துவிட்டிருக்கலாம், அவருக்கு அது சின்ன வேலை. அப்படிச் செய்யவில்லை. கேள்வி கேட்பார், நான் மாற்றிக்கொண்டு வருவேன், இன்னொரு கேள்வி கேட்பார். எழுத்தை வெள்ளையாக்கினேன். பெயர் தெரிந்தது. ஆனால் மினுமினுப்பும் வெள்ளை, விளக்கின் சுடரும் வெள்ளை, எல்லாம் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு நின்றன. ‘இதில் எது முதலில் கண்ணில் பட வேண்டும்?’ என்று கேட்டார். எல்லாமும்தான் என்று எழுதினேன். ‘எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் யார் பேச்சும் கேட்காது’ என்றார். குழாயடியில் நின்று பழகிய எனக்கு அது நன்றாகவே விளங்கியது.

விளங்கியதே தவிர எதையும் எடுக்கக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அந்த மென்பொருளில் ஒவ்வொரு பொருளும் தனித்தனி அடுக்காக இருக்கும். ஓர் அடுக்கை மறைத்தும் பார்க்கலாம், மறுபடி கொண்டும் வரலாம். அதைப் பார்த்ததும் அவருக்குத் தன் வேலை மாதிரி இருந்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு பாகம் குறைந்தால் கம்பெனியில் உற்பத்தி வரிசை நின்றுவிடுமா என்று பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“இந்த வெளக்கு இல்லன்னா லைன் நிக்குமா?”

“நிக்காது.”

“செவப்பு அட்ட. அடுத்து. இந்தக் கோபுரம்?”

“சாமிய எடுக்கச் சொல்றீங்களா?”

“சாமி எங்கயும் போகாது. லைன் நிக்குமா நிக்காதா?”

இப்படியே பூவேலைக் கரை போயிற்று, உழைப்பே உயர்வு போயிற்று, மினுமினுப்பு போயிற்று. பனைமரத்துக்கு மட்டும் நான் கொஞ்சம் அழுதேன். அதை மறைத்தபோது அம்மா வீட்டு வாசலைச் சாத்தின மாதிரி இருந்தது. கடைசியில் இதயம். அதை அவரே மறைக்கச் சொன்னார்.

“ஒங்க எழுத்து இருக்குல்ல அதுல” என்றேன்.

“நான்தான் வீட்லயே இருக்கேனே. அங்க வேற எதுக்கு?” என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அதற்கு மேல் நான் சண்டை போடவில்லை. மிஞ்சியது ரோஜாக்கொத்து மட்டும். அதைச் சாம்பல் பட்டைக்காரரிடம் காட்டினேன். ‘இந்த ரோஜா இங்கே பாதிப் பேர் கையொப்பத்தில் இருக்கிறது. உங்கள் ஊர் ஓசூர் என்று போட்டிருக்கிறீர்கள். அங்கே ரோஜா எப்படி இருக்கும்?’ என்று கேட்டார்.

எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. அதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. வந்து இத்தனை நாளாகியும் வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில்தான் என் நடமாட்டம். அடுத்த ஞாயிறு வீட்டுக்காரர் தன் நண்பரிடம் டிஜிட்டல் கேமரா இரவல் வாங்கினார். பேரிகைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, வழியில் பிளாஸ்டிக் கூரை போட்ட ஒரு பூந்தோட்டத்தில் இறங்கினோம். கொட்டகைக்குள் பெண்கள் நின்றுகொண்டு வேலை செய்தார்கள். வாசலில் தயங்கி நின்ற எங்களை ஒரு பெண் பார்த்து, “போட்டோவா? எடுத்துக்கோங்க, பூவ மட்டும் தொடாதீங்க” என்றாள்.

அங்கே பூ ஒன்றுகூட மலர்ந்து நிற்கவில்லை. எல்லாம் மொட்டு. ஒவ்வொரு மொட்டுக்கும் வெள்ளை வலையில் ஒரு தொப்பி மாட்டியிருந்தார்கள். அது மொட்டை இறுக்கிப் பிடித்து, அவசரப்பட்டு விரியவிடாமல், பெரிதாக வளரவிடுமாம். கரும்பச்சை இலைகளுக்கு நடுவில் வெள்ளைத் தொப்பி போட்ட மொட்டுகள் வரிசை வரிசையாக நின்றன. வலைத்தொப்பி போட்ட ரோஜாவை நான் எந்தக் கையொப்பத்திலும் பார்த்ததில்லை. அந்த ஊர் அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது.

மறுநாள் செய்த படம் இதுதான். இருண்ட இலைப் பின்னணி. இடது ஓரத்தில் வலை போட்ட ஒரே ஒரு மொட்டு. வலது பக்கம் வெள்ளையில் என் பெயர். மற்ற இடமெல்லாம் சும்மா. சும்மா விட்ட இடத்தைப் பார்த்தாலே எனக்குக் கை அரித்தது, விருந்தாளிக்கு இலை போட்டுவிட்டுப் பரிமாறாமல் நிற்கிற மாதிரி. சாம்பல் பட்டைக்காரர் பார்த்துவிட்டு, ‘பெயரை மட்டும் மொட்டின் அடிப்பக்கத்துக்கு நேராக இறக்குங்கள்’ என்றார். இறக்கினேன். அதுவரை மிதந்துகொண்டிருந்த பெயர் தரையில் கால் ஊன்றி நின்றது. கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். வலையின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது.

துபாய்க்காரர் மட்டும், ‘பூவுக்கு எதற்குத் தோழி கொசுவலை?’ என்று கேட்டிருந்தார்.

ஆடி முடியுமுன்பே பிளாப்பியோடு கடைக்குப் போய்விட்டேன். அக்கா இந்தத் தடவை திரையில் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, நேரே எந்திரத்துக்கு அனுப்பினார். தாள் வெளியே வந்தது. எடுத்தார். கைதூரத்தில் வைத்துப் பார்த்தார். அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய், ரோட்டில் இறங்கி நின்று பார்த்தார். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்து அவரைச் சுற்றிக்கொண்டு போனது.

“தெரியுதும்மா” என்று அங்கிருந்தே சொன்னார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, “ஆவணி மொத நாளு நல்ல நாளுதான். வந்துரு” என்றார்.

அந்தக் கடையில் நான் பல வருஷம் வேலை பார்த்தேன். என் மகள் அங்கேதான் தாள் கட்டுகளுக்கு நடுவில் தவழ்ந்தாள். பெட்டி கட்டுகிற பேச்சு எங்கள் வீட்டில் அதோடு நின்றது. குழாயடித் தெலுங்கும் கன்னடமும் கடைக்கு வந்த பத்திரிகைகள் மூலம் எனக்கும் ஒட்டிக்கொண்டன. இப்போது மூன்று மொழியிலும் வாயாடுவேன்.

வேலை கிடைத்த அன்றே சாம்பல் பட்டைக்காரருக்குத் தனிமடல் எழுதினேன். கடை, பச்சைமேல் சிவப்பில் வைத்த பெயர், கரிப்பட்டை, ஆடிக் கெடு, பனைமரம், கரண்ட் போனதால் தப்பித்த என் பத்தி எல்லாவற்றையும் கொட்டினேன். இவ்வளவு நாள் ஒரு புதியவளுக்காகப் பொறுமையாக இருந்ததற்கு நன்றி என்றேன். கறுப்பு வெள்ளையில் பார்க்கும் வித்தையை எங்கே கற்றீர்கள் என்றும் கேட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அவர் வெளிநாட்டில் இல்லை. உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில், எங்களிடமிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருந்தார். வீட்டில் தக்காளி விவசாயம். அவருக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ‘கடைக்காரர் ஏற்றுக்கொண்டது உங்கள் வேலையைத்தான். நான் வித்தை எதுவும் சொல்லவில்லை, என் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உங்கள் பெயர் சிவப்பில் இருந்தது என்பதே உங்கள் மடலைப் படித்துத்தான் தெரியும். எங்கள் வீட்டில் என்னைத் தக்காளி பறிக்க விடமாட்டார்கள், கூடை தூக்கத்தான் விடுவார்கள்’ என்று எழுதியிருந்தார்.

அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் இருந்தது. படித்து முடித்து இந்தப் பேட்டையில் ஒரு கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறார். என் வீட்டுக்காரருடைய கம்பெனி இல்லை, வேறொன்று. தட்டில் கட்டியிருந்த அட்டை பச்சை என்று நினைத்துச் சிவப்பு அட்டைத் தட்டை அனுப்பிவிட்டார். ஒரு தடவை இல்லை. கண் சோதனை செய்து பார்த்து அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ‘அவர்கள்மேல் தப்பில்லை. இரண்டு அட்டையும் ஒரே அளவு, ஒரே வடிவம். எனக்கு அவை ஒரே அட்டைதான்’ என்று முடித்திருந்தார்.

கண்ணாடிக் கடைக்குப் போங்கள் என்று எழுத இருந்தேனே என்று நினைத்தபோது அந்தக் கரண்டை மறுபடி கும்பிட்டேன். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “ம்” என்றார். அவ்வளவுதான். நான் இத்தனை கரைந்து சொல்கிறேன், மனிதர் ஒரு ‘ம்’மோடு முடிக்கிறாரே என்று அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை.

புரட்டாசியில் ஒருநாள் துவைக்க எடுத்த சட்டையில் பையைத் துழாவினேன். வழக்கம்போல அட்டைகள். பச்சை முழுசாக இருந்தது. சிவப்பு அட்டையின் வலது மேல் மூலை வெட்டியிருந்தது. ஒன்று என்றால் கிழிந்ததென்று விட்டிருப்பேன். எல்லாச் சிவப்பும் ஒரே மூலையில் நேராக வெட்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். எது எது என்று விரலுக்கே தெரிந்தது.

“என்ன இது?” என்று கேட்டேன்.

“சூப்ரவைசர்ட்ட சொன்னேன். எங்க செக்சன்ல இனி இப்படித்தான்” என்றார். “யார் கண்ணு எப்படின்னு நமக்கென்ன தெரியும்.”

இந்த மனிதரையா ஆடியோடு விட்டுவிட்டுப் போக இருந்தேன் என்று இருந்தது. சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்குப் பிடித்த புளிக்குழம்பு வைத்தேன், அவருக்கு விளங்கியிருக்கும்.

சாம்பல் பட்டைக்காரருக்கு எழுதினேன். இப்படி இப்படி, இவர் கம்பெனியில் சிவப்பு அட்டைக்கு இனி ஒரு மூலை இருக்காது, உங்களால்தான் என்று. நீளமாக ஏதாவது எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரே வரிதான் வந்தது.

‘எந்த மூலை?’

‘வலது மேல் மூலை’ என்று பதில் போட்டேன்.

அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க எங்கள் கடைக்கு வருவார் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. ஆனால் நான் ‘வலது’ என்று எழுதிய அந்த வாரத்திலேயே மன்றத்தில் அவருடைய பழைய பதிவு, புதிய பதிவு எல்லாவற்றின் அடியிலும் கையொப்பம் மாறியிருந்தது. அதே சாம்பல் பட்டை, அதே வெள்ளைப் பெயர். வலது மேல் மூலை மட்டும் வெட்டியிருந்தது. ‘நண்பரே, உங்கள் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது, சரிசெய்துகொள்ளுங்கள்’ என்று யாரோ அக்கறையாக எழுதினார்கள்.

‘தெரிந்துதான் வெட்டினேன், இருக்கட்டும்’ என்று அவர் பதில் எழுதியிருந்தார்.